பொன்மலை: பணிமனைக்காக எழுந்த ஊர்

திருச்சிராப்பள்ளி சந்திப்பிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் புறப்படும் ரயில், வேகம் பிடிப்பதற்குள் வந்துவிடும் நிலையம் பொன்மலை. இன்று அது திருச்சி மாநகரின் ஒரு பகுதி. அது ஊராக எழுந்ததோ ஒரு ரயில்வே பணிமனைக்காக.

பெயருக்கு மட்டும் வயது அதிகம். திருச்சிக் கோட்டைக்குத் தெற்கே நிற்கும் இந்தக் குன்றை ஆங்கிலேயர் ‘கோல்டன் ராக்’ என்று குறித்தார்கள். 1753-இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸின் ஆங்கிலப் படை, பிரெஞ்சு, மைசூர்ப் படைகளோடு மோதியது இங்கேதான்.

தென்னிந்திய ரயில்வேயின் பழைய பணிமனை நாகப்பட்டினத்தில் இருந்தது. 1861-இல் தஞ்சாவூர் வரை பாதை போடப்பட்டதும் அந்தத் துறைமுகத்திலிருந்துதான். பாதைகள் நாலாபக்கமும் நீண்ட பிறகு, கடலோரத்து ஊரைவிட நடுவில் இருந்த திருச்சியே கம்பெனிக்குத் தோதாகப் பட்டது. 1920-களின் பிற்பாதியில் பணிமனை பொன்மலைக்கு வந்தது. நாகையில் பட்டறை வேலை பழகிய குடும்பங்களும் வந்தன. வீடுகள் பதவிக்குத் தக்க அளவில் கட்டப்பட்டன. நேரான வீதிகள், நிழல் மரங்கள், ரயில்வே மருத்துவமனை, பள்ளிகள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று ஊர் உருவானது.

இந்த இடமாற்றம் அமைதியாக நடந்துவிடவில்லை. பணிமனைகளை ஓரிடத்தில் சேர்க்கும்போதே ஆட்களைக் குறைக்கவும் கம்பெனி முனைந்தது. 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் பரவியது. முன்னின்ற சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைக்குப் போனார்கள். ஊர் பிறக்கும்போதே அதனோடு போராட்டமும் பிறந்தது. பொன்மலையை வெறும் கட்டடக் கணக்காக எழுதிவிட முடியாததற்குக் காரணம் இதுவே.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1946 செப்டம்பர் 5 அன்று, பொன்மலையில் ரயில்வே தொழிலாளர் சங்கத்தின் திடலில் திரண்ட தொழிலாளர்கள்மீது மலபார் சிறப்புப் போலீஸ் சுட்டது. ஐந்து பேர் உயிரிழந்தார்கள். விடுதலைக்கு ஓராண்டுகூட இல்லாத நேரம் அது. அந்தச் சங்கத்தை வழிநடத்திய அனந்தன் நம்பியாரும் எம். கல்யாணசுந்தரமும் பின்னாளில் திருச்சியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார்கள். செப்டம்பர் 5 இன்னும் அந்தத் திடலில் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது.

1951-இல் தென்னிந்திய ரயில்வே, புதிதாக அமைந்த தெற்கு ரயில்வேயில் கலந்தது. பொன்மலை தனி நகராட்சியாக இருந்தது; 1994-இல் திருச்சி மாநகராட்சி உருவானபோது ஸ்ரீரங்கத்தோடு சேர்ந்து அதில் இணைந்தது. நகராட்சி போனாலும் ‘பொன்மலை’ என்ற பெயர் மாநகராட்சிக் கோட்டத்தின் பெயராக நிலைத்தது. ரயில்வே குடியிருப்பின் எழுத்து வரிசையை நினைவூட்டும் ‘ஜி கார்னர்’, திருச்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த திடல்.

பணிமனை இன்றும் இயங்குகிறது. டீசல் எஞ்சின்கள் இங்கே பழுதுபார்க்கப்படுகின்றன, சரக்குப் பெட்டிகள் செய்யப்படுகின்றன. அதன் கைத்திறனுக்குச் சான்று மலையேறும் நீலகிரி ரயில். யுனெஸ்கோ மரபுச் சின்னமான அந்தப் பாதைக்கு, பல் சக்கரம் கொண்ட நீராவி எஞ்சின்களைப் பொன்மலைத் தொழிலாளர்கள் புதிதாகவே செய்து கொடுத்தார்கள். முதலில் எண்ணெயில் ஓடுபவை வந்தன. 2021-இல் நிலக்கரியில் ஓடும் எஞ்சின் ஒன்றும் இந்தப் பட்டறையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் புறப்பட்டது.