ஒத்தக் கிட்னியின் ஓவர்டைம்

இன்னிக்கு என் சொந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மூணு வருஷம் முன்னாடி சாதாரண வயித்து வலின்னு ஸ்கேன் எடுக்கப் போனேன். இடது கிட்னி சுருங்கி, வேலை செய்யாம கிடக்குதுன்னு ரிப்போர்ட் வந்தது. வலது கிட்னி 13 சென்டிமீட்டர். வழக்கமா 10-லிருந்து 12 தான் இருக்கும். "ஐயோ, அதுலயும் வீக்கமா?"ன்னு அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. "வீக்கம் இல்லம்மா, ரெண்டு பேர் வேலையை இவன் ஒருத்தனே பார்க்கிறான். அதான் வளர்ந்திருக்கான்"னார் டாக்டர்.

எப்படி வளருது? ஒரு கிட்னியில் சராசரியா 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கும். ரத்தத்தை வடிகட்டுறது அதுங்கதான். பிறந்த பிறகு புதுசா ஒண்ணுகூட உருவாகாது. ஒரு பக்கம் நின்னுபோனா, மறுபக்கத்துக்குப் போற ரத்தம் கூடுது. இருக்கிற நெஃப்ரான்களே பெரிசாகி, ஒவ்வொண்ணும் கூடுதலா வடிகட்டுது. புது ஆள் எடுக்காம, இருக்கிறவங்களே ஓவர்டைம் பார்க்கிற மாதிரி. கிட்னி தானம் செஞ்சவங்களுக்கும் இதுதான் நடக்குது. ரெண்டில் ஒண்ணு போனாலும், வடிகட்டும் திறன் பாதியிலேயே நிக்காது. சில மாதங்களில் பழைய அளவில் ஏறக்குறைய 70 சதவீதத்தை எட்டிடும்.

ஒத்தக் கிட்னியோட மனுஷன் பிழைப்பானான்னு ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே சந்தேகம். ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் குஸ்டாவ் சைமன் என்ற அறுவை நிபுணர் முதலில் நாய்களிடம் சோதிச்சுப் பார்த்தார். அதுங்க பிழைச்சுது. அப்புறம் 1869 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, ஒரு பெண்ணுக்கு ஒரு கிட்னியை அகற்றினார். அவங்களும் பிழைச்சாங்க.

ஆனா ஓவர்டைமுக்கு ஒரு விலை உண்டு. நெஃப்ரானுக்குள்ள அழுத்தம் கூடுது. பல வருஷம் கழிச்சு சிலருக்கு சிறுநீரில் புரதம் போகலாம், பி.பி. ஏறலாம். நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? ஆபீஸ்ல தலைவலி வந்தா உடனே ஐபுப்ரோஃபென். அது கிட்னிக்குப் போற ரத்தத்தைக் குறைக்கக்கூடிய மாத்திரை. அன்னிக்கே அட்டையோட தூக்கிப் போட்டேன். இப்போ வருஷத்துக்கு ஒருமுறை பி.பி., கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், மூணும் பார்த்துடுவேன்.

என் இடது கிட்னி எப்போ நின்னுதுன்னு இன்னிவரைக்கும் தெரியாது. ஒரு அறிகுறியும் இல்ல, ஏன்னா வலது அவ்வளவு சத்தமில்லாம ஈடுகட்டிடுச்சு. அதோட பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். கேட்கிற உங்களுக்கும் வலியே இல்லாம இருக்கலாம். அதுக்காக டெஸ்ட்டைத் தள்ளிப் போடாதீங்க.