காணாத கிரகத்தைக் கண்டறிவது எப்படி?



புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீடுகளின் வெளிச்சத்தில், இரவில் எண்ணிச் சொல்லிவிடக்கூடிய விண்மீன்களே தெரிகின்றன. தோட்டத்திலிருக்கும் உங்களுக்கு அந்தக் குறை இல்லை. லயத்து வாசலில் நின்றாலே போதும். அந்த விண்மீன்களையும், நம் கதிரவனைப் பூமி சுற்றுவதுபோல, கிரகங்கள் சுற்றுகின்றனவா? எங்கள் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

சுற்றுகின்றன. 2025ஆம் ஆண்டுக்குள் 6,000க்கு மேல் உறுதி செய்யப்பட்டுவிட்டன. ஆனால் அவற்றில் மிகச் சிலவற்றையே நேராகப் படம்பிடிக்க முடிந்திருக்கிறது. கண்கூசும் காஸ் விளக்கின் பக்கத்தில் பறக்கும் கொசுவைத் தொலைவிலிருந்து காண முடியுமா? ஆகவே, கொசுவைத் தேடாமல் விளக்கையே உற்றுப் பார்க்கிறார்கள்.

ஒரு தகப்பனார் பிள்ளையின் இரு கைகளையும் பிடித்துச் சுழற்றுகிறார். பிள்ளை பெரிய வட்டமாகச் சுற்றுகிறது. தகப்பனாரும் நின்ற இடத்தில் சற்றே தள்ளாடுகிறார். கிரகம் இழுப்பதால் விண்மீனும் அப்படித்தான் தள்ளாடும்.

இந்தத் தள்ளாட்டத்தை முதலில் தேடியவர்களில் ஒருவர் நம் சென்னையில் இருந்தார். 1855இல் சென்னை வானாய்வுக் கூடத்தின் தலைவர் கேப்டன் ஜேக்கப், '70 ஒஃபியூக்கி' என்னும் இரட்டை விண்மீனை ஆராய்ந்தார். ஒன்றையொன்று சுற்றும் அவ்விரண்டும் கணக்குப்படி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கிரகம் ஒன்று இழுக்கிறது போலும் என்று அவர் எழுதினார். அது நிலைக்கவில்லை. அவர் சொன்ன கிரகம் அங்கே இருப்பதாக இதுவரை உறுதிப்படவில்லை. அவருடைய யோசனையில் பழுதில்லை. அத்தனை நுட்பமான அசைவை அளக்க அக்காலக் கருவிகள் போதவில்லை என்பதே எங்கள் எண்ணம்.

140 ஆண்டுகள் கழித்து, 1995இல், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் வேறு வழியில் அளந்தார்கள். லோரி ஹாரன் அடித்துக்கொண்டு நம்மை நெருங்கும்போது ஓசை கீச்சென்றும், கடந்துபோனதும் தணிந்தும் கேட்கிறதல்லவா? ஒளிக்கும் அத்தன்மை உண்டு. விண்மீன் நம்மை நோக்கி வந்தால் அதன் ஒளி நீலப் பக்கமாகவும், விலகினால் சிவப்புப் பக்கமாகவும் இம்மியளவு நகரும். '51 பெகாசி' என்ற விண்மீனின் ஒளி சுமார் நாலேகால் நாளுக்கு ஒருமுறை இப்படி மாறி மாறி நகர்ந்தது. அதைச் சுற்றும் கிரகத்துக்கு ஓராண்டு என்பதே அவ்வளவுதான்! 2019இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இன்னொரு வழி, ஒளி மங்குவதைப் பார்ப்பது. 2012 ஜூன் 6 காலை, வெள்ளி ஒரு கரும்பொட்டாகக் கதிரவனின் முகத்தைக் கடந்தது. சிங்கப்பூரிலும் அது தெரிந்தது. 1874இல் நிகழ்ந்த இத்தகைய கடப்பைப் பற்றி, சென்னைக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி பொதுமக்களுக்காக நூலே எழுதினார். தொலைவிலுள்ள விண்மீன்களில் அந்தப் பொட்டு தெரியாது. வெளிச்சம் சற்றுக் குறைவது மட்டும் தெரியும். வியாழன் அளவுள்ள கிரகம் கதிரவன் போன்ற விண்மீனை மறைத்தால் நூற்றில் ஒரு பங்கு குறையும். பூமி அளவென்றால் சுமார் 12,000இல் ஒரு பங்குதான். ஒருமுறை குறைந்தால் நம்பமாட்டார்கள். அதே இடைவெளியில் மறுபடியும் மறுபடியும் குறைகிறதா என்று காத்திருப்பார்கள். கிரகத்தின் பாதை நம் பார்வைக்கு நேராக அமையாவிட்டால், எத்தனை காலம் காத்திருந்தாலும் வெளிச்சம் குறையாது. அப்போது பழைய தள்ளாட்டக் கணக்குதான் கைகொடுக்க வேண்டும்.