கடைசி பெஞ்சுப் பிள்ளையும் நம் பிள்ளை

(வானொலியில் ஒலிபரப்பான மறைச்சிந்தனையின் எழுத்து வடிவம்)



ஜூன் மாதம் வந்தால் நம் தஞ்சை மண்ணில் மேட்டூர்த் தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு. 12-ஆம் தேதி அணை திறக்குமா, குறுவைக்கு நாற்று விடலாமா என்று கேட்கிறோம். அதே நாள்களில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. பிள்ளைகள் புதுப் புத்தகத்தோடு போகிறார்கள். அவர்களுள் ஒரு பிள்ளையைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அந்தப் பிள்ளையை நம் எல்லாருக்கும் தெரியும். பாடம் நடக்கும்போது சன்னலுக்கு வெளியே பார்க்கும். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லும். பென்சிலும் ரப்பரும் தினமும் தொலையும். அதற்கு ஊர் வைத்த பெயர்கள் உண்டு: வாலு, சோம்பேறி, மக்கு. தாயைப் பார்த்து, "நீ வளர்த்த லட்சணம் இதுதானா?" என்றும் கேட்பார்கள்.

மருத்துவம் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கக் குறைபாடு. இது நேற்று முளைத்த பேச்சு அல்ல. அறிவு இருந்தும் கவனத்தை நிறுத்த முடியாமலும், தன்னை அடக்கிக்கொள்ள முடியாமலும் இருந்த பிள்ளைகளைப் பற்றி, ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-லேயே இலண்டனில் உரையாற்றினார். உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் கணிக்கின்றன. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர். ஓடியாடும் பிள்ளைகள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சத்தமில்லாமல் கனவில் இருப்பதுபோல் உட்கார்ந்திருக்கும் சிறுமிக்கும் இது இருக்கலாம். அவள் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. அதனாலேயே அவளை யாரும் கவனிப்பதில்லை.

வாசிப்பதும் எழுதுவதும் கடினமாக இருக்கும் டிஸ்லெக்சியா, ஆட்டிசம் ஆகியவற்றையும் சேர்த்து, மூளை இயங்கும் விதங்கள் பல என்று இன்று சொல்கிறார்கள். பல்லுயிர்ப் பெருக்கம் என்ற சொல்லை ஒட்டி 1990-களில் இதற்கும் ஒரு சொல் பிறந்தது. நரம்பியல் பன்மை என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

டெல்டாக்காரர்களுக்கு இது புரியாத செய்தி அல்ல. திருத்துறைப்பூண்டி பக்கம் வாழ்ந்த 'நெல்' ஜெயராமன், 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். குறுவை நெல் நான்கு மாதத்துக்குள் வீடு வந்துவிடும். காட்டுயானம் ஆறு மாதம் எடுக்கும். ஆனால் வெள்ளத்திலும் நிமிர்ந்து நிற்கும். குழியடிச்சான் உப்பு மண்ணிலும் விளையும். காட்டுயானத்தைப் பார்த்து, "குறுவை அறுத்தாயிற்று, நீ ஏன் இன்னும் கதிர் விடவில்லை?" என்று எந்த விவசாயியும் அதை மிதிப்பதில்லை. நெல்லின் குணம் அறிந்து தண்ணீர் வைக்கிறோம். பிள்ளையின் குணம் அறிந்து பாடம் வைப்பதும் அப்படித்தான்.

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுசனை எண்ணிப் பாருங்கள். டவுன் உயர்நிலைப் பள்ளியில் 1904-இல் கணக்குக்காகப் பரிசு வாங்கினார். அடுத்து அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போனது. பிறகு சென்னையில் படித்தும் தேர்ச்சி இல்லை. அவருக்கு இன்ன குறைபாடு என்று இன்று நாம் முத்திரை குத்த வேண்டியதில்லை. நாம் பார்க்க வேண்டியது வேறு. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அந்த இளைஞருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதியை ஒருபுறம் வைத்து, ஆளைப் பார்த்தது.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. "என் பிள்ளைக்குள்ளும் ஓர் இராமானுசன் ஒளிந்திருப்பான்" என்று காத்திருந்து, அப்படி யாரும் வெளிப்படாவிட்டால் அன்பும் வற்றிப்போகக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் மேதைகள் அல்லர். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடாமல் பள்ளியை முடித்து, ஒரு தொழில் கற்று, தலைநிமிர்ந்து வாழ்ந்தால் அது பெரிய அறுவடை. பிள்ளை மதிப்புப் பெறுவது திறமையால் அல்ல. கடவுளின் பிள்ளை என்பதால்.

மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில், காது கேளாத, பேச இயலாத ஒருவரை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். ஆண்டவர் அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். அவருடைய காதையும் நாவையும் தொடுகிறார். அவருக்குப் புரியும் வழியில் அவரை அணுகுகிறார். ஆசிரியர்களும் பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் கற்க வேண்டிய பாடம் இதுவே.

நடைமுறையில் என்ன செய்யலாம்? ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். வீட்டுப்பாடத்தைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, இடையே எழுந்து நடக்க விடுங்கள். வகுப்பில் முன்வரிசையில், ஆசிரியர் பக்கத்தில் உட்கார வையுங்கள். கரும்பலகை துடைக்கவும் நோட்டுகளைக் கொடுக்கவும் அனுப்புங்கள். சரியாகச் செய்ததை அந்த நிமிடமே பாராட்டுங்கள். அடி வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது.

துறுதுறுவென்று இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைபாடு என்று முடிவுகட்டவும் கூடாது. வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து காணப்பட்டால், குழந்தை மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். மருந்து தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். வேளாங்கண்ணி அன்னையிடம் மன்றாடுவோம்; மருத்துவரிடமும் செல்வோம். ஒன்று மற்றொன்றுக்கு எதிர் அல்ல.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் பலர். கற்றல் குறைபாட்டுக்கு முறையான சான்றிதழ் இருந்தால், பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். பத்தாம் வகுப்பு மார்ச் மாதம் வரை காத்திருக்காமல், இப்போதே தொடங்குங்கள்.

இறுதியாக, நம் ஆலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திருப்பலியில் ஒரு பிள்ளை எழுந்து ஓடினால் பத்துத் தலைகள் திரும்புகின்றன. அடுத்த ஞாயிறு அந்தத் தாய் வருவதில்லை. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போகிறார். அவரைத் திரும்ப அழைத்து வருவது நம் கடமை. வருகிற ஞாயிறு அந்தக் குடும்பத்துக்கு நம் பக்கத்தில் இடம் கொடுப்போம். முறைக்காமல் சிரிப்போம். பிள்ளை ஓடினால், "நீங்கள் உட்காருங்கள் அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நம்மில் ஒருவர் எழுந்து போவோம்.

தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் நல்லாயன், நம் பிள்ளைகளையும், அவர்களுக்காகக் கண்ணீர் விடும் பெற்றோரையும், பொறுமையோடு கற்பிக்கும் ஆசிரியர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.