கத்தியும் முள்கரண்டியும் வரவுதான்!

(தலைப்பு: ‘வெளிநாட்டு உணவு நம் குடும்பத்துக்குள் வந்தது வரவா? செலவா?’ ‘வரவே’ என்னும் அணியின் இரண்டாவது பேச்சு)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். “கடவுள் பத்து விரல் கொடுத்திருக்கார். பீட்சாவைக் கத்தியால வெட்டி, முள்கரண்டியால குத்தித் தின்கிறானே, அவன் சாப்பிடுறானா, ஆபரேஷன் பண்றானா?” நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் சிரித்தேன். ஏன் தெரியுமா? இந்த ஆபரேஷன் ஜோக்கை நானே ஐந்தாறு மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். (சிரிப்பு) இன்றைக்கு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இங்கே நிற்கிறேன்.

என் பையன் இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரத்தில் ஆராய்ச்சி வேலையில் இருந்தான். கல்யாணமாகி மருமகளும் அங்கே போனாள். நானும் எங்க வீட்டுக்காரரும் இரண்டு மாதம் போய் இருந்துவிட்டு வந்தோம். பீட்சாவுக்குப் பிறந்த வீடு நேப்பிள்ஸ்தான். அந்த ஊர்க்காரர்கள் பீட்சா போடும் கலையை 2017-இல் யுனெஸ்கோ, மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. பெருமையான விஷயம்தானே!

போன மறுநாளே ஒரு சந்துக்குள் இருந்த கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஆளுக்கு ஒரு முழு பீட்சா. தட்டை விட்டு வெளியே வழிகிற அளவு பெரிசு. நான் காத்திருக்கிறேன், யாராவது வந்து எட்டுத் துண்டாக வெட்டிக் கொடுப்பார்கள் என்று. யாரும் வரவில்லை! பக்கத்து மேசையில் நம்ம ஊர் நாட்டாமை மாதிரி மீசை வைத்த ஒரு பெரியவர். அமைதியாகக் கத்தியையும் முள்கரண்டியையும் எடுத்தார். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரு வெட்டு, ஒரு வாய். எதிரில் உட்கார்ந்திருந்த பேரனோடு ஒரு பேச்சு. மறுபடி ஒரு வெட்டு. அவர் என்ன, துரைத்தனம் காட்டவா அப்படிச் சாப்பிட்டார்? அவர் ஊர், அவர் பலகாரம்!

நான் விடுவேனா? தமிழச்சி இல்லையா! ஒரு துண்டைக் கிழித்துக் கையில் தூக்கினேன். அது வாழை நார் மாதிரி தொங்கிவிட்டது. மேலே இருந்த தக்காளிச் சாறும் உருகின சீஸும் என் புடவை முந்தானையில் போய் உட்கார்ந்துகொண்டன. (சிரிப்பு) நேப்பிள்ஸ் மண்ணில் முதல் மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை. என் புடவைக்குக் கிடைத்தது!

ஏன் தொங்கியது? அதில்தான் விஷயம் இருக்கிறது. நேப்பிள்ஸ் பீட்சா எப்படி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் பதிவு செய்திருக்கிறது. விட்டம் 35 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஓரம் 1 முதல் 2 சென்டிமீட்டர் உப்பி இருக்கலாம். ஆனால் நடுவிலே கனம் எவ்வளவு? வெறும் 4 மில்லிமீட்டர்! விறகு அடுப்பின் தளத்திலே சூடு சுமார் 485 டிகிரி. அதற்குள் இருப்பது 60 முதல் 90 விநாடிதான். மாவில் இருக்கிற ஈரம் ஓடிப்போக நேரமே கிடையாது. அதனால்தான் அது மெத்தென்று இருக்கிறது. மெல்லிசு, மெத்து, மேலே சாறு. இதைக் கையில் தூக்கினால் தொங்காமல் என்ன செய்யும்?

கையாலேயும் சாப்பிடுகிறார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. தெருவில் நின்று சாப்பிடுகிறவன் நாலாக மடித்துவிடுகிறான். அதற்கு அந்த ஊரில் ‘போர்ட்டாஃபோலியோ’ என்று பெயர். மணிபர்ஸ் என்று அர்த்தம். நடக்கிறவனுக்கு மடிப்பு, உட்காருகிறவனுக்குக் கத்தி. ஐயா, தோசைக்குக் கை, பாயசத்துக்குக் கரண்டி, இளநீருக்கு அரிவாள். எதைச் சாப்பிடுகிறோமோ, அதுதான் கருவியைக் கேட்கிறது. கௌரவம் கேட்கவில்லை! (கைதட்டல்)

இந்த விஷயம் தெரியாமல் ஒருவர் மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. 2014 ஜனவரி. நியூயார்க் மேயராகப் பில் டி பிளாசியோ பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு கடையில் பீட்சாவை முள்கரண்டியால் சாப்பிட்டார். ஊரே சிரித்தது, பத்திரிகையெல்லாம் கிழித்தது. அவர் சொன்ன பதில் என்ன? என் முன்னோர் நாடான இத்தாலியில் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்றார். பலகாரம் கடல் தாண்டிப் போனது. சாப்பிடுகிற முறை பாதி வழியில் இறங்கிவிட்டது! (சிரிப்பு)

இதுவரைக்கும் சிரிக்கச் சொன்னேன். இனிமேல் சொல்லப்போவது என் வீட்டுக் கதை.

எங்க வீட்டுக்காரருக்குப் பல் செட். சொந்தப் பல் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. கெட்டியாக எதுவும் கடிக்க முடியாது. ஆனால் மனுஷர் அதை வெளியே சொல்லமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் வீட்டிலேயே பீட்சா போட்டாள். அவள் வீட்டு அடுப்பு 250 டிகிரிக்கு மேல் ஏறாது. கடைக்காரன் ஒன்றரை நிமிஷத்தில் எடுப்பதை இவள் பத்து நிமிஷம் உள்ளே வைத்தாள். ஈரமெல்லாம் போய், பீட்சா வறட்டியாக வந்தது. இவர் ஒரு கடி கடித்தார். பல் செட் நகர்ந்துவிட்டது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு எழுந்தார். “எனக்குப் பசிக்கலைம்மா, நீங்க சாப்பிடுங்க” என்றார். ராத்திரி பத்து மணிக்கு அடுப்படியில் விளக்குக்கூடப் போடாமல், நின்றுகொண்டே தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? மாமியார் இல்லையா! “இட்லி அவிக்கத் தெரியாத பொண்ணுக்கு இந்த ரொட்டியெல்லாம் எதுக்கு?” என்று கேட்டேன். அவள் வாயே திறக்கவில்லை. அழுதாளோ என்னவோ, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கீழ்வீட்டுப் பாட்டியிடம் போய்க் கேட்டாள். அடுத்த சனிக்கிழமை ராத்திரி மாவு பிசைந்தாள். அரைக் கிலோ மாவுக்கு 325 மில்லி தண்ணீர், கொஞ்சம் உப்பு, ஈஸ்ட் ஒரே ஒரு சிட்டிகை. கையில் ஒட்டுகிற பதம். இரவு முழுக்கப் புளிக்க விட்டாள். நாம் தோசை மாவை விடுவதில்லையா, அதே கணக்கு! மறுநாள் உருட்டுக்கட்டையே தொடவில்லை. பூரிக்கட்டையால் அழுத்தினால் உள்ளே இருக்கிற காற்று போய்விடுமாம். விரலாலேயே மெல்லிசாக விரித்தாள். நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் போட்டு, தக்காளியும் சீஸும் வைத்து, அடியை இரண்டு நிமிஷம் வேகவிட்டாள். பிறகு கல்லோடு தூக்கி அடுப்பின் மேல் அனலுக்குக் கீழே இரண்டு, மூன்று நிமிஷம். அவ்வளவுதான். மெத்தென்று, பஞ்சு மாதிரி வந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நாலு தட்டு, நாலு கத்தி, நாலு முள்கரண்டி. அவள் முதலில் தன் தட்டில் இருந்ததைப் பொடிப்பொடியாக வெட்டினாள். என் பையனும் அப்படியே வெட்டினான். என்னைப் பார்த்தாள், நானும் வெட்டினேன். எல்லாரும் பொடியாக வெட்டும்போது, எங்க வீட்டுக்காரர் பொடியாக வெட்டுவது யாருக்கும் தெரியவில்லை. ஐயா, அந்தப் பொண்ணு அதற்காகத்தான் அப்படிச் செய்தாள்! (பலத்த கைதட்டல்)

அவர் மெதுவாக ஒரு முழு பீட்சாவையும் சாப்பிட்டு முடித்தார். கத்தியைத் தட்டில் வைத்தார். “ரொம்ப நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் எல்லாரோடயும் சேர்ந்து சாப்பிட்டேன்” என்றார். நான் எழுந்துபோய் மருமகள் பக்கத்தில் நின்றேன். “எனக்கும் மாவு பிசையச் சொல்லிக் குடும்மா” என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை மாமியார் வாயில் அப்படித்தான் வரும். (சிரிப்பு)

எதிரணி நண்பர்களே! அந்நியப் பண்டம் செலவு என்கிறீர்கள். உங்கள் வீட்டு ரசத்தில் தக்காளி இருக்கிறதா? மிளகாய் வற்றல் இருக்கிறதா? இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தவை. இத்தாலிக்காரனுக்கும் தக்காளி அங்கிருந்துதான் வந்தது. வந்ததை நம் அடுப்புக்கும், நம் வீட்டு மனுஷர்களின் பல்லுக்கும் ஏற்ற மாதிரி செய்து போட்டால் அது வரவு. அட்டைப் பெட்டியில் வாங்கி, ஆளுக்கொரு மூலையில் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு விழுங்கினால், அது இட்லியாகவே இருந்தாலும் செலவு!

ஊர் திரும்பும்போது மருமகள் என் பெட்டியில் நாலு ஜோடி கத்தியும் முள்கரண்டியும் வைத்து அனுப்பினாள். எங்கள் வீட்டில் இப்போதும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவை மேசைக்கு வருகின்றன. அன்றைக்கு எங்க வீட்டுக்காரர்தான் முதலில் வந்து உட்காருகிறார்.

எனவே, வீட்டுக்குள் வந்த வெளிநாட்டு உணவு வரவே, வரவே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.