நாய் பிடிக்கிறவருக்கும் ஊசி வேண்டும்

தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கும்படி 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பதினொரு நாளில் அதைத் திருத்தியது: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநாயையும் கடிநாயையும் விடக்கூடாது. நவம்பர் 7 அன்று, ரயில் நிலையத்திலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பிடித்தவற்றை அங்கே திருப்பி விடாதே என்றது. சரிதான், இரவு ஷிப்டு முடிந்து தெருவில் நடக்கிறவர்கள் நாம்தானே!

நாய்க்காக வாதாடினார்கள், கடிபட்டவருக்காகவும் வாதாடினார்கள். வலையோடு போகிற கூலித் தொழிலாளிக்கு? நாமும்தான் வாய் திறக்கவில்லை. கடிபடுமுன்பே 0, 7, 21 அல்லது 28ஆம் நாளில் மூன்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய வேலை அது. போட்டார்களா என்று எந்தக் கூட்டத்தில் கேட்டோம்? மாநகராட்சிக்கு நாம் கொடுக்கும் அடுத்த மனுவில் அதுவே முதல் கோரிக்கை.