வாய்விட்டு யோசிக்கப் பழக்குவோம்

(கோணேசர் கோயில் யாத்திரைக்கு வந்த தோட்டக் குடும்பங்களுக்குத் திருகோணமலையில் ஆற்றிய உரை)

இந்தத் துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் நுழையும்போது, வழி தெரிந்த பைலட் ஒருவர் அதில் ஏறுகிறார். "இடப்பக்கம் 10 பாகை" என்று அவர் சொன்னால், சுக்கான் பிடிப்பவர் சும்மா திருப்ப மாட்டார். "இடப்பக்கம் 10 பாகை" என்று தானும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் திருப்புவார். காதில் பிழையாக விழுந்திருந்தால் அப்பவே தெரிஞ்சு போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊருக்குப் பக்கத்தில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே கணினி விஞ்ஞானமும் படிப்பிக்கிறார்கள். எங்கே படித்தாலும், மென்பொருள் வேலைக்குப் போகும் பிள்ளை நேர்முகப் பரீட்சையைத் தாண்ட வேண்டும். அங்கே என்னதான் கேட்கிறாங்க என்பது பெற்றோருக்கும் தெரிய வேண்டும்.

முதலில் சுயவிவரத்தைப் பார்ப்பார்கள். பிள்ளை தானாகச் செய்து பார்த்த வேலை ஏதும் இருந்தால் அதையும் பார்ப்பார்கள். அடுத்தது கணினியிலேயே நேரம் குறித்து வைக்கும் பரீட்சை. உலகத்தில் பல கம்பெனிகள் இதற்குப் பாவிக்கும் ஹேக்கர்ரேங்க் என்ற தளத்தைத் தொடங்கியவர்கள், திருச்சி என்.ஐ.டி.யில் படித்த இருவர். மூன்றாவதாக, பொறியியலாளர்கள் முன்னால் உட்கார்ந்தோ வீடியோவிலோ ஒரு கணக்கைச் செய்து காட்ட வேண்டும். சம்பளப் பேச்சு கடைசியில்தான்.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும்? பெயர்போன ஒன்றைச் சொல்கிறோம். 1 முதல் 100 வரை எண்களை வரிசையாக எழுத வேண்டும். 3ஆல் பிரிபடும் எண்ணுக்குப் பதில் ஒரு சொல், 5ஆல் பிரிபட்டால் இன்னொரு சொல், இரண்டாலும் பிரிபட்டால் இரண்டு சொல்லும் வர வேண்டும். நாம் 'தேயிலை', 'தூள்' என்று வைத்துக்கொள்வோம். அப்போது 15க்கு 'தேயிலைத்தூள்' வரணும். பிள்ளை முதலில் 3ஐ மட்டும் பார்த்து நிறுத்தினால், 15க்கு 'தேயிலை' மட்டும்தான் வரும். இரண்டாலும் பிரிபடுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் யோசிக்கும் ஒழுங்கு இதிலே தெரிந்துவிடும்.

விடையை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. கேள்வியைத் திருப்பிச் சொல்லி, விளங்காததைக் கேட்டு, "இப்படிச் செய்கிறேன், காரணம் இது" என்று சொல்லிச் சொல்லிச் செய்கிறதா என்றும் பார்க்கிறார்கள். வழி சரியாக இருந்தால், பிழைவிட்ட பிள்ளைக்கும் புள்ளி உண்டு. வாயை மூடிக்கொண்டிருந்தால் எதைப் பார்த்துப் புள்ளி போடுவது?

நாம் கண்ட மட்டில், நம் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அறிவு குறைவு என்று இல்லை. பிரட்டுக்களத்தில் நாம் வாய் பொத்தி நின்றோம். கங்காணி சொன்னால் கேள்வி கேட்கவில்லை. "பெரியவங்க முன்னால பேசாதே" என்று பிள்ளைக்கும் அதையே பழக்கினோம். அன்று அது நம்மைக் காப்பாற்றியது. இன்று அதே பழக்கம் பிள்ளையின் வேலையைக் கெடுக்கிறது.

ஆகவே இன்று இரவிலிருந்தே ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளை கணக்குச் செய்யும்போது, "எப்படிச் செஞ்சே? எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை. முதலில் தமிழில் சொல்லட்டும், பிறகு அதையே இங்கிலீசில் சொல்லிப் பழகட்டும். பல இடங்களில் நேர்முகம் இங்கிலீசில்தான் நடக்கும்.

இன்னொன்று. வேலை தருகிறோம், முன்பணம் கட்டு என்று யாராவது கேட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

நாம் பேசாமல் நின்ற காலம் போதும். நம் பிள்ளைகள் பேசட்டும்.