கவ்வாத்துக் கத்தியும் பழமரமும்



பழச் செய்கை பற்றி மலையகத்தில் நடக்கும் செயலமர்வுகளுக்கு ஒரு வழமையான நிரல் உண்டு. மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமை உரை, திரையில் ஐம்பது அறுபது படங்கள், மதியச் சோறு, சான்றிதழ், குழுப்படம். நாலு மணிக்கு பஸ். வந்தவர் கையில் ஒரு கோப்பும் பேனாவும் இருக்கும். அடுத்த மாதம் அவர் தன் மரத்தடியில் எதையாவது வேறு மாதிரிச் செய்தாரா என்று எவரும் போய்ப் பார்ப்பதில்லை. வணிக நோக்கில் பழம் வளர்ப்போருக்கான கல்விச் செயலமர்வுகளை ஆராய இறம்பொடையில் கூடியிருக்கும் இந்த அவை, அப்படிப் போய்ப் பார்ப்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

இடம் பொருத்தமானது. பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை, நுவரெலியா, ஹக்கல என்று ஏறிப்போகும் வீதி இலங்கையின் தாவர அறிவு வரலாற்றின் பெரும்பகுதியைத் தொட்டுச் செல்கிறது. கீழ் முனையில் 1821இல் தொடங்கிய பேராதனைப் பூங்கா. மேலே, சிங்கோனா வளர்ப்பதற்கென்று 1861இல் திறந்த ஹக்கல. இடையில் புசல்லாவையின் ரொத்ஸ்சைல்ட் தோட்டம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போடுவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1841இல், வோர்ம்ஸ் சகோதரர்கள் அங்கே சீனத் தேயிலையை நட்டுப் பார்த்தார்கள். 1881இல் கொழும்பிலிருந்து தோட்டக்காரர்களுக்கென்றே ‘ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ சஞ்சிகை வந்தது. 1912இல் விவசாயத் திணைக்களம், 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம். அறிவுக்கு இந்த மலைகளில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

அது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் சிக்கல். தேயிலை பற்றிய ஆலோசனை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பெரிய தொரையிடம் வந்து, சின்ன தொரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று இறங்கி, மலையில் நிற்கும் பெண்ணின் காதுக்கு வரும்போது வெறும் கட்டளையாகிவிடும். ‘இந்த இடத்தில் வெட்டு’ என்பது வந்து சேரும். ஏன் அந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பது வழியிலேயே தங்கிவிடும். நூற்றாண்டுக் கணக்கில் நடந்த இந்த ஏற்பாடு தேயிலைக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். பழத்துக்குப் போதாது. பழமரத்தில் ஒவ்வொரு வெட்டும் ஒரு தனி முடிவு. மரத்தடியில் நிற்பவர்தான் அதை எடுக்க வேண்டும்.

தொழிலாளர் குடும்பங்களிடம் என்ன இல்லை என்று பட்டியல் போடுவது எளிது. என்ன இருக்கிறது என்று பார்ப்பது இந்த அவைக்கு அதிகம் பயன்படும். கவ்வாத்து தெரியும். எந்தக் கிளையை எவ்வளவு சாய்வாக வெட்டினால் மழைத்தண்ணீர் தேங்காமல் வடியும் என்று கைக்குத் தெரியும். சரிவைப் பார்த்து நீர் வடியும் கான் வெட்டத் தெரியும். ஒரு இலையும் ஒரு துண்டுத் தண்டும் வைத்துத் தேயிலைக் கன்று உண்டாக்கும் நாற்றுமேடை வேலையைத் தோட்டப் பெண்கள் பல்லாண்டுகளாகச் செய்து வருகிறார்கள். அந்த விரல்களுக்கு ஆப்பு ஒட்டு பழக அதிக காலம் பிடிக்காது. ஆனாலும், இவர்களை எதிரே உட்காரவைத்து ‘கவ்வாத்து என்றால் என்ன’ என்று முதல் படத்திலிருந்து தொடங்கும் விரிவுரைகள் உண்டு! கேட்பவர்கள் மரியாதைக்குப் பேசாமல் இருக்கிறார்கள்.

ஆனைக்கொய்யாவை எடுத்துக்கொள்ளலாம். லயத்துப் பிள்ளைகளுக்கு அது பட்டர்புருட். கொத்மலை, புசல்லாவைப் பக்கம் வீட்டோரங்களில் நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை கொட்டையிலிருந்து முளைத்தவை. கொட்டைமரம் தாயைப் போல் காய்க்காது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாதி. ஒன்றில் நீளக் காய், ஒன்றில் உருண்டை. ஒன்று நார், ஒன்று வெண்ணெய். வீட்டுக்கு அது போதும், சந்தைக்குப் போதாது. லொறியோடு வரும் வியாபாரி ஒரே அளவும் ஒரே ரகமுமான காய்க்கு ஒரு விலையும் கலந்து கிடக்கும் காய்க்கு இன்னொரு விலையும் சொல்வார். பல இடங்களில் காய் முற்றுமுன்பே மரத்தை மொத்தமாகப் பேசி முடித்துவிடுகிறார்கள். பறிக்கும் நாளும் வியாபாரியின் வசதிப்படியே அமைகிறது.

இந்த மரத்தின் பூவில் ஒரு விந்தை உண்டு. ஒவ்வொரு பூவும் இரண்டு முறை விரியும். முதல் முறை பெண்ணாக, மறுமுறை ஆணாக. ஏ வகை மரத்தின் பூ முதல் நாள் காலையில் பெண்ணாக விரிந்து மூடி, மறுநாள் பிற்பகல் ஆணாகத் திறக்கும். பி வகையின் பூ முதல் நாள் பிற்பகல் பெண்ணாகவும் மறுநாள் காலை ஆணாகவும் திறக்கும். ஹாஸ் என்ற ரகம் ஏ வகை. பொலொக்கும் பூவர்ட்டேயும் பி வகை. இரண்டு வகையும் அருகருகே நின்றால் தேனீக்கு வேலை, மரத்துக்குக் காய். இறம்பொடை போன்ற குளிர்ந்த இடத்தில் இந்த நேரக்கணக்கு பிசகும். குளிர் நாட்களில் பூ தாமதமாகத் திறக்கும், சில நாட்களில் முறையே மாறும். ஆகவே கலிபோர்னியாவில் அச்சான அட்டவணையை மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டுப் போவதில் பயனில்லை. பூக்கும் காலத்தில், பூக்கும் மரத்தடியில், காலையிலும் பிற்பகலிலும் நின்று பார்க்க வேண்டிய பாடம் இது. அதை மண்டபத்தில் நடத்த முடியாது.

இங்கே நிலக்கணக்கு வருகிறது. இந்திய அரசின் உதவியோடு மலையகத்தில் கட்டப்பட்ட 4,000 வீடுகள் ஒவ்வொன்றும் 7 பேர்ச் காணியில், ஏறத்தாழ 550 சதுர அடி. 7 பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீற்றர். வீடு அதில் ஐம்பதைக் கொண்டுபோகும். படிக்கட்டு, குளியலறை, கோழிக்கூடு, மரக்கறிப் பாத்தி எல்லாம் போக, எட்டு மீற்றர் இடைவெளி கேட்கும் ஆனைக்கொய்யா ஒன்று நிற்கலாம், நெருக்கினால் இரண்டு. இந்த வீட்டுக்காரரை எந்தக் கணக்கில் ‘வணிக உற்பத்தியாளர்’ என்பது? தனியாகப் பார்த்தால் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆனால் ஒரே வரிசையில் ஐம்பது வீடு இருந்தால் ஐம்பது முதல் நூறு மரம். முதல் வீட்டில் ஏ, அடுத்த வீட்டில் பி, வகைக்கு ஒரே தாய்மரத்தின் ஒட்டு, ஒரே கிழமையில் அறுவடை என்று பேசிக்கொண்டால் அது ஒரு பழத்தோட்டம். வேலி பல, தோட்டம் ஒன்று. நிற்கும் கொட்டைமரத்தையும் பிடுங்க வேண்டியதில்லை. அடிமரத்தை விட்டு மேலே வெட்டித் துளிர் வரச்செய்து அதில் ஒட்டலாம். அந்தப் பேச்சை நடத்திக்கொடுப்பதற்கே மலையகத்தில் செயலமர்வு வேண்டும் என்பது இந்தத் தலைமை உரையின் கருத்து. ஒருவருக்கு உத்தி சொல்லிக்கொடுத்தால் ஒரு மரம் திருந்தும். அயலவர் ஐம்பது பேரை ஒரே முடிவுக்குக் கொண்டுவந்தால்தான் லொறிக்காரரோடு விலை பேச முடியும்.

வெளிநாட்டு முன்மாதிரி ஒன்று இதற்குத் துணை. 1915 மே மாதம் லொஸ் ஏஞ்சலிசில் ஆனைக்கொய்யா வளர்ப்போர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அன்று கலிபோர்னியாவிலும் இதே நிலைதான்: கொட்டையிலிருந்து வந்த எண்ணற்ற ரகங்கள், ஒவ்வொருவரும் தன் மரமே சிறந்தது என்பார். சங்கம் ஆண்டுமலர் வெளியிட்டது. விஞ்ஞானியின் கட்டுரைக்குப் பக்கத்திலேயே தோட்டக்காரரின் அனுபவமும் அச்சானது. எந்த ரகத்தைக் கைவிடலாம் என்று வெளிப்படையாகச் சண்டை பிடித்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 1935இல், ருடொல்ப் ஹாஸ் என்ற தபால்காரர் தன் வளவில் கொட்டையிலிருந்து வளர்ந்த ஒரு மரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். இன்று உலகச் சந்தையை ஆள்வது அந்த மரத்தின் ஒட்டுகள். பெரும் பண்ணையோ ஆராய்ச்சிக்கூடமோ தராத ஒன்று ஒரு சிறிய வளவிலிருந்து வந்தது. கொத்மலை லயத்தோரம் அப்படி ஒரு மரம் நிற்காது என்று யார் சொல்வது? தேடிப் பார்க்கச் சொல்லும் செயலமர்வு வேண்டும்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வேறு பாதை. 1974இல் புதுச்சேரியில் தொடங்கிய இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் ‘செய்து பழகு’ என்பதையே பாடமுறையாக வைத்தது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ஆண்டுதோறும் மே மாதம் பழக் கண்காட்சி நடக்கிறது. சாஸ்திரி - சிறிமா ஒப்பந்தப்படி இங்கிருந்து கப்பலேறிய பல குடும்பங்கள் அந்த நீலகிரி மலைகளில்தான் மீண்டும் தேயிலைக் கூடை சுமந்தன. கண்காட்சியில் பழங்களை அடுக்கிப் பிரமாண்ட உருவங்கள் செய்வார்கள். சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பார்கள். கண்ணுக்கு விருந்து, சந்தேகமில்லை. நுவரெலியா ஏப்ரல் வசந்த காலத்துக்கும் அப்படி ஒன்றைக் கேட்போர் உண்டு. வைக்கட்டும், அதைக் கல்விச் செலவில் எழுதாமல் இருந்தால் சரி.

இந்தோனேசியாவில் 1989இல் நெற்செய்கைக்குத் தொடங்கிய வயற்பள்ளி முறை மலையகத்துக்கு அதிகம் பொருந்தும். இருபத்தைந்து பேர் அளவில் ஒரு குழு. ஒரு போகம் முழுதும் வாரம் ஒருமுறை அரை நாள். வயலில் இறங்கிப் பூச்சியை எண்ணி, பெரிய தாளில் படம் வரைந்து, என்ன செய்வது என்று குழுவே முடிவு எடுக்கும். நடத்துபவர் கேள்வி கேட்பார், விரிவுரை செய்யமாட்டார். நெல்லுக்கு ஒரு போகம் போதும். பழத்துக்கு ஓராண்டு வேண்டும்: கன்று நட ஒரு சந்திப்பு, கவ்வாத்துக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று, அறுவடைக்கு ஒன்று. கொட்டும் மழையில் கட்டாயம் ஒன்று. ஆனைக்கொய்யாவின் பெரும் பகை வேரழுகல். அதை உண்டாக்கும் பைட்டொப்தோரா ஈரம் தேங்கிய மண்ணில்தான் பரவும். மேட்டில் நடுவதும் கான் வெட்டுவதும் ஏன் என்று மழையில் நனைந்துகொண்டு பார்த்தவருக்கு மருந்துக்கடைக்காரர் எதையும் எளிதாக விற்க முடியாது.

அறுவடைப் பாடத்துக்கு இங்கே ஒரு தனி வசதி இருக்கிறது. ஆனைக்கொய்யா மரத்தில் பழுக்காது. பறித்த பிறகே மெதுப்படும். முற்றாமல் பறித்தால் சுருங்கி ரப்பராகும். முற்றியதா என்று அறிய உலர்பொருள் அளவு பார்ப்பது வழி: சதையைத் துருவி, நிறுத்து, காயவைத்து, மறுபடி நிறுக்க வேண்டும். கலிபோர்னியாவில் ஹாஸ் காய்க்குக் குறைந்தது 20.8 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது விதி. நம் ரகங்களுக்கு நம்முடைய எண்ணை நாமே கண்டாக வேண்டும். தேயிலைத் தொழிற்சாலைகளில் தூளின் ஈரப்பதம் அளக்கும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. மாதத்தில் ஒரு பிற்பகல் அதைப் பழத்துக்குத் திறந்துவிடத் தோட்ட நிர்வாகங்கள் மனம்வைத்தால் போதும்.

கட்டளை மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் தேட வேண்டாம். பழம், மரக்கறியில் அறுவடைக்குப் பிந்திய இழப்பு 30 முதல் 40 விழுக்காடு என்று இலங்கையில் பல காலமாகச் சொல்லப்படுகிறது. அதைக் குறைக்க 2011 இறுதியில் பிளாஸ்டிக் கூடை கட்டாயம் என்றது அரசு. நோக்கம் சரியானது. தம்புள்ளை வியாபாரிகள் எதிர்த்தார்கள், விதி தளர்ந்தது, சாக்கு மூட்டை திரும்பி வந்தது. காலிக் கூடையை யார் திருப்பிக் கொண்டுவருவது, வாடகை யார் தலையில் என்பதை வளர்ப்பவரோடும் லொறிக்காரரோடும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடைசெய்து அதே ஆண்டு நவம்பரில் கைவிட்டதைப் பற்றி இந்த அவைக்கு விளக்கத் தேவையில்லை.

சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே என்ற கேள்வியும் நிற்கிறது. 1989இல் கிராம மட்டத்து விவசாய விரிவாக்க உத்தியோகத்தர்கள் பெருந்தொகையாகக் கிராம சேவகர்களாக மாற்றப்பட்டார்கள். அந்த இடைவெளி நாடு முழுதும் இன்றும் தெரிகிறது. தோட்டப்புறத்தில் அதற்கு முன்பும் அப்படித்தான். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துத் தொலைபேசி ஆலோசனை நல்ல ஏற்பாடு, ஆனால் தொலைபேசியால் ஒட்டுக்கத்தி பிடித்துக் காட்ட முடியாது. நுவரெலியா மாவட்டத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். இங்கு நடக்கும் செயலமர்வில் கடைசிப் பத்து நிமிடம் யாராவது தமிழில் சுருக்கிச் சொல்வார் என்பது இனிமேலும் ஏற்கக்கூடியதல்ல.

நாள் எது என்பதும் முக்கியம். கிழமை நாளில் கூட்டம் வைத்தால் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாட்கூலி, போகிறது. 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. இலவசப் பயிற்சி என்று அழைப்பிதழில் அச்சிடுபவர்கள் இந்தக் கட்டணத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஞாயிறு வைக்கலாம், அல்லது அந்தப் பேரைக் கொடுக்கலாம். செயலமர்வுக்கான வரவுசெலவில் மண்டப வாடகையையும் குழுப்படத்தையும் வெட்டினால் பலருடைய பேருக்குக் காசு தேறும்.

இந்த மாநாட்டுக்கு வந்துள்ள கட்டுரையாளர்களிடம் அவையின் சார்பில் ஒரு வேண்டுகோள். ஆய்வின் முடிவைத் தமிழில் ஒரே பக்கத்தில், எந்த மாதத்தில் எந்த மரத்தடியில் என்ன செய்வது என்ற அளவில் எழுதிக் கொடுங்கள். அந்தப் பக்கங்கள் மாநாட்டு மலருக்கு முன்பாகவே தோட்டங்களுக்குப் போகட்டும். பங்குபற்றுவோர் பட்டியலில் வீட்டுக்கு ஒருவர் என்று எழுதுமிடத்தில் குடும்பத் தலைவரின் பெயரோடு நின்றுவிடாமல், மரத்தைப் பார்த்துக்கொள்பவரின் பெயரையும் எழுதுங்கள். பெரும்பாலும் அது அம்மாவாகவோ அம்மாயியாகவோ இருக்கும்.

முதல் அமர்வு ஒட்டுமுறை பற்றியது. கத்தியும் ஒட்டு நாடாவும் ஒட்டுக்குச்சியும் வாசலில் வைக்கப்பட்டிருக்கின்றன. பிற்பகலில் இறம்பொடையில் மழை பிடித்துவிடும். தேநீரைக் கையிலேயே எடுத்துக்கொண்டு எல்லோரும் வெளியே வாருங்கள்.